சன்ரூஃபா, ஏர்பேக்கா?

எளாவூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வட்டிக் கடனைத் தவிர்த்துச் சேமிப்பைக் கொண்டே வாகனம் வாங்க நினைக்கும் நம் குடும்பங்களுக்கு, பழைய சிறிய எஸ்யூவியே கைக்கெட்டுவதாக இருக்கிறது. பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் செல்ல வேண்டியவர்களுக்கு இது ஆடம்பரமன்று. ஆயினும் வாங்கப் போகுமிடத்தில் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி, "டாப் எண்டா?" என்பதாகவே இருக்கிறது. தயாரித்த ஆண்டையும் ஏர்பேக்குகளின் எண்ணிக்கையையும் முதலில் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து.

காரணம் இருக்கிறது. இந்தியாவில் ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையில்தான் கட்டாயமாயிற்று; பக்கத்து இருக்கைக்கு 2021இல்தான் அந்த விதி வந்தது. மறைமலைநகரில் உருவாகி 2013இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் தொடக்ககால அடிப்படை வேரியன்ட்டில் ஏர்பேக்கே இல்லை. டைட்டானியம் ஆப்ஷனலில் ஆறு இருந்தன. 2017 இறுதியில் வந்த புதுப்பிப்பில் கீழ்நிலை வேரியன்ட்டும் இரண்டு ஏர்பேக்குகளோடு வந்தது. மாருதி விட்டாரா பிரெஸ்ஸாவிலும் 2018க்கு முந்தைய கீழ்நிலை வண்டிகளில் பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக் விருப்பத் தேர்வாகவே இருந்தது. கனரக லாரிகள் இரவும் பகலும் ஓடும் தேசிய நெடுஞ்சாலை 16இல் மனைவியை முன்னிருக்கையில் அமர்த்திச் செல்பவருக்கு, சன்ரூஃபைவிட இது பெரிய செய்தி. பழைய டாப் எண்டைவிட, சில ஆண்டுகள் பிந்தைய நடுத்தர வேரியன்ட் பல வேளைகளில் நல்ல தேர்வு.

எஞ்சினில் நம் பயணமே அளவுகோல். ஷிஃப்டுக்குச் சிப்காட் வரை, பிள்ளைகளின் பள்ளி வரை என்று குறுந்தூரமே ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் போதும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. நெடுந்தூரம் சீராக ஓடாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட் ஓட்ட இனிமையானதே. ஆனால் அதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே சுழல்வது; தவறான ஆயில் ஊற்றினாலோ, மாற்றத் தாமதித்தாலோ பெல்ட் கெடும். சர்வீஸ் பதிவேடு இல்லாத ஈகோபூஸ்ட்டை விட்டுவிடுவதே மேல். 2019இல் வந்த ஹூண்டாய் வென்யூவின் 1.2 பெட்ரோல் அத்தனை வேகமில்லாதது. குடும்பத்துக்கு அது குறையாகத் தெரியவில்லை.

வெள்ளம் கண்ட வண்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னைப் பகுதியில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. அவற்றுள் சில கழுவி மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் துருவையும் வாடையையும் கவனியுங்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்த பகுதியை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்ட செய்தி நமக்குத் தெரிந்ததே. வாங்கும்போது மட்டுமன்று, நம் வண்டியை நாம் விற்கும்போதும் அது பொருந்தும். கிலோமீட்டர் மீட்டரைக் குறைத்து வைப்பதும் ஈரத்தை உள்ளே மறைப்பதும் ஒன்றுதான்.

எல்லையோரத்தில் இருப்பதால் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கமிருந்து ஆந்திரப் பதிவெண் கொண்ட கார்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அங்குள்ள பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். முந்தைய உரிமையாளர் கடனில் வாங்கியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிச் சான்றோடு ஆர்சியிலிருந்து அப்பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இவற்றையெல்லாம் கூட்டிய பிறகு வரும் தொகையைத்தான் உள்ளூர் வண்டியின் விலையோடு ஒப்பிட வேண்டும்.