செஞ்சிச் சாலையில் ஒரு சத்திரம்

செஞ்சிக் கோட்டையை 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் சேர்த்தார்கள். மராட்டியர் ராணுவச் சிறப்புக்குச் சான்றாக அவர்கள் ஏற்றுக்கொண்ட 12 கோட்டைகளில், மஹாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றே. தமிழ் மக்கள் இதற்காகப் பெருமை கொண்டது நியாயமே. ஆனால் பெருமையோடு ஒரு கடமையும் வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டுக்குப் பெயர் வந்தால் விருந்தாளியும் வருவான். அவனுக்குத் திண்ணை எங்கே?

திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் 77-ம் நம்பர் தேசீய நெடுஞ்சாலை செஞ்சி வழியாகவே போகிறது. கோட்டை பார்க்க வருவோர் மட்டுமல்ல, பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் செல்லும் ஜனத்திரளும், இரவெல்லாம் கண் விழித்து லாரி ஓட்டுவோரும், விற்பனைக் கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் ஏற்றி வரும் குடியானவர்களும் இச்சாலையின் பிரயாணிகளே.

வழிப்போக்கனை ஆதரிப்பது நமக்குப் புதிய பாடமன்று. ராணி மங்கம்மாள் சாலை அமைத்துச் சத்திரங்களும் கட்டினாள். ராமேசுவர யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழி நெடுகச் சத்திரங்களை ஏற்படுத்தினார்கள். செல்வமில்லாத கிராமத்தாரும் சுமைதாங்கிக் கல் நாட்டினார்கள். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். அங்கெல்லாம் வந்தவனுடைய மடியைத் தடவிப் பார்த்து உபசரிக்கும் வழக்கமில்லை.

இன்றோ சாலையோரத்தில் இளைப்பாறுவது பெரும்பாலும் வியாபாரமாகிவிட்டது. வியாபாரத்தை நாம் வெறுக்கவில்லை. நல்ல காப்பிக்கு நியாயமான விலை கொடுக்க யாரும் மறுக்கார். ஆயினும் கழிப்பிடத்துக்கு அஞ்சி, பிரயாணம் முடியும் வரை தாகத்தை அடக்கிக்கொண்டிருக்கும் ஸ்திரீகள் எத்தனை பேர்! ஸ்டியரிங் மீதே தலை சாய்த்து உறங்கும் டிரைவர்கள் எத்தனை பேர்! ஓரிடம் நின்று போகத் தக்கதா என்பதற்கு இவர்களே நீதிபதிகள், பளபளக்கும் விளக்குகளல்ல.

தேசீய நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாக வழியோர வசதி நிலையங்கள் அமைப்பது மத்திய சர்க்காரின் திட்டம். திட்டம் நல்லதே. ஆனால் அந்த நிலையம் காரில் வருவோருக்கு மட்டும் கதவைத் திறக்குமானால், அது பாதிக் காரியமே ஆகும். பொதுப் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று கேட்போருக்கு நமது பதில் இது: நெடுஞ்சாலைகளில் சுங்கம் செலுத்தும் பிரயாணி பிச்சை கேட்கவில்லை, கொடுத்த பணத்துக்கு உரியதைக் கேட்கிறான்.

ஜப்பானில் 1993-ம் வருஷம் முதல் 'மிச்சி நோ எக்கி' என்ற சாலை நிலையங்கள் நடந்து வருகின்றன. இரவும் பகலும் திறந்திருக்கும் கழிப்பிடம், கட்டணமின்றி வண்டி நிறுத்தும் இடம், ஊர் விவரம் சொல்லும் அறை ஆகியவற்றோடு, சுற்றுவட்டார விவசாயிகளின் விளைபொருளும் அங்கே விற்கப்படுகிறது. பிரயாணிக்கு ஓய்வு, ஊராருக்கு வருமானம்! செஞ்சியில் இது ஏன் இயலாது?

ஓர் எச்சரிக்கையும் செய்கிறோம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாதென்பது சட்டம். ஆதலால் கோட்டையை நெருக்காமல், எல்லைக்கு வெளியே இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். நிழல் மரங்கள், நல்ல தண்ணீர், ஸ்திரீகளுக்குப் பத்திரமான கழிப்பிடம், டிரைவர்கள் படுத்துறங்க ஒரு கூடம், உள்ளூர்ப் பெண்கள் சங்கத்தார் நடத்தும் சிற்றுண்டிச்சாலை, விலைப் பட்டியல் இவை போதும். கட்டுவதைவிடத் தினந்தோறும் சுத்தமாக வைத்திருப்பதே பெரிது. அதற்கான செலவை முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

கோட்டைக்கு வெளியிலிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து மண்குழாய் வழியாகக் கல்யாண மஹாலின் மேல்மாடம் வரை நீரேற்றிய ஊர் செஞ்சி. அன்று அது அரசரின் சுகத்துக்காக. ஜனங்களே அரசராகிவிட்ட இந்நாளில், அவர்கள் நடந்து செல்லும் சாலைக்கு அதே தண்ணீர் வர வேண்டாமா? நகர நிர்வாகத்தாரும், ஜில்லா அதிகாரிகளும், நெடுஞ்சாலை இலாகாவினரும் ஒன்றுகூடி யோசிப்பார்களாக. அவர்கள் யோசிக்கும்படி செய்வது செஞ்சி வாசிகளின் பொறுப்பு.