வரையறுத்தலும் அழைத்தலும்

மைசூர் நகரின் மண்டி மொஹல்லா, ஈட்டி மரப் பலகையில் சித்திரம் பதிக்கும் கைவினைஞர் வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்று. யானையின் உருவம் முதலில் காகிதத்தில் வரையப்படும். வரைந்த அளவிலேயே பலகையில் யானை தோன்றிவிடுவதில்லை. வேறு நிற மரத்துண்டுகளைத் தந்து, பதிக்கும்படி சொன்ன பின்னரே வேலை தொடங்கும். கணிப்பொறி விளையாட்டுகளுக்கான மொழிகளில் செயற்கூற்றை வரையறுத்தல் வேறு, அழைத்தல் வேறு என்பதும் இதுவே. பாடநூலின் இலக்கணத்தை மாணவர் மனப்பாடம் செய்துவிடுகின்றனர், வேறுபாட்டையோ உணர்வதில்லை. குறை மாணவரிடத்து அன்று, கற்பிக்கும் வரிசையில் உள்ளது.

1993-இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூவர் ஆக்கிய மொழி லுவா. (போர்த்துக்கேய மொழியில் நிலவு என்று பொருள்.) சிறுவர் பலர் விளையாட்டு அமைக்கும் ரோப்ளாக்ஸில் வழங்குவது அதன் வழிவந்த மொழியே. அங்கே ஒரு மாணவன், தொட்டால் திறக்கும் கதவொன்றை அமைப்பதாகக் கொள்வோம். கதவைத் திறக்கும் செயற்கூற்றின் பெயரைத் தொடுதல் நிகழ்ச்சியோடு இணைக்கும்போது, பெயரின் பின் பிறையடைப்புக்குறிகளையும் இட்டுவிடுகிறான். விளையாட்டுத் தொடங்கியதும் கதவு தானே திறந்துகொள்கிறது. பிறகு தொட்டாலும் பயனில்லை. காரணம் எளிது. பெயரை மட்டும் எழுதினால் வரைபடத்தைக் கையளித்தல். அடைப்புக்குறியும் சேர்ந்தால் அக்கணமே வேலை வாங்குதல். இவ்வொரு பிழையைத் திருத்தியவனுக்கு வரையறை தனியே வேண்டுவதில்லை.

வரிசையும் முக்கியம். லுவாவில் வரையறை என்பதே நிறைவேற்றப்படும் ஓர் ஆணை. அதற்கு முந்திய வரியில் அழைத்தால் அப்பெயருக்குரியது எதுவும் இல்லையென்று நிரல் நின்றுவிடும்.

உவமை ஓரிடத்தில் பொருந்தாது என்பதையும் ஆசிரியர் சொல்லிவிடுதல் நலம். மரத்துண்டு தரப்படாவிடின் கைவினைஞர் கேட்பார். லுவா கேட்பதில்லை, விடுபட்ட செயலுருபின் இடத்தில் 'நில்' என்னும் வெறுமையை வைத்துக்கொண்டு மேலே செல்லும், மிகுதியாகத் தந்தவற்றை ஓசையின்றி விட்டுவிடும். பிழை வேறோர் இடத்தில், பல வரிகளுக்கு அப்பால் வெளிப்படும். மாணவன் அங்கேயே தேடிக் களைப்பான்.

அழைத்தல் என்ற சொல் விருந்தினரை நினைவூட்டுவது. ஏவல் என்பது இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். ஆயினும் பாடநூலில் வழங்கிவிட்ட சொல்லை மாற்றுவதைவிட, கதவு உதாரணத்தை முதல் வகுப்பிலேயே செய்துகாட்டி, செயற்கூறு, செயலுருபு முதலிய பெயர்களை அடுத்த வகுப்பில் கூறுவதே தக்கது.