பிள்ளையின் வாயில் பெரியவர் சொல்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் அழைத்தனர். ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் குறித்த பெயர்களேயன்றி, உயர்வு தாழ்வைக் குறித்தவை அல்ல அவை. ஆயினும், நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வரும் படுவான்கரைச் சிறுவனை ஊர்ப் பெயர் சொல்லியே சக மாணவர் நகையாடுவதைக் காண்கிறோம். அவன் பேசுவதுபோற் பேசிக்காட்டிச் சிரிக்கின்றனர். தகப்பனின் தொழிலையும் குலத்தையும் பட்டப்பெயராக்குகின்றனர். இவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்!

சிறுபிள்ளை விளையாட்டென்று இதனைத் தள்ளிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நாள்தோறும் ஏளனத்துக்கு ஆளாகும் பிள்ளை முதலில் வாய் மூடுகிறான். பின்னர் வரவு குறைகிறது. ஈற்றில் புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டுக் கூலிவேலைக்குப் போகிறான். 2009இல் முடிந்த போரினாற் கல்வியை இழந்த கிராமங்களுக்கு இது இரண்டாவது இழப்பு.

இச்சொற்களைப் பிள்ளைகள் எங்கே கற்றனர்? பாடநூலில் அன்று. உத்தியோகத்தர் வீட்டு விறாந்தையிலும் போடியார் வீட்டு முற்றத்திலும் பெரியவர்கள் பேசக் கேட்டே கற்றனர். நரைத்த வயல்வேலைக்காரனை ‘டேய்’ என்று கூப்பிடும் தந்தையிடம் கற்றனர். 2005ஆம் ஆண்டுக் கல்வியமைச்சுச் சுற்றறிக்கை தடுத்த பின்னரும் பிரம்பைக் கைவிடாத ஆசிரியர், வலியவன் எளியவனை அடிக்கலாம் என்ற பாடத்தையும் சேர்த்தே கற்பிக்கிறார்.

பகிடிவதையைத் தடுக்க 1998இற் சட்டம் பிறந்தது. சட்டம் வேண்டியதே. ஆனால், பல்கலைக்கழக வாசலில் நாம் காணும் பயிருக்கு நாற்றுமேடை நம் வீடுகளல்லவா? நாற்றிலே கலந்த களையை அறுவடையிற் பிரிக்க முயல்வது வீண்வேலை என்பதை உழவர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

நோர்வே நாட்டில் 1983இல் பள்ளிக்கூடங்கள்தோறும் இக்கொடுமைக்கு எதிராக இயக்கம் தொடங்கினர். ஆசிரியரும் பெற்றோரும் விழிப்புடன் தலையிட்ட பள்ளிகளில் அது பெருமளவு குறைந்ததை ஒல்வேயஸ் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். பெரியவர் திருந்தினாற் சிறியவர் திருந்துவர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஒவ்வொரு பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் அடுத்த கூட்டத்தில் இதனை முதற் பொருளாக எடுக்கட்டும். அதற்கு முன், இன்றிரவே நம் வீட்டில் நம் நாவை நாமே காப்போம்.

பாதைக்காக மணிக்கணக்கிற் காத்துநின்ற மக்களுக்கு 2014இல் மண்முனைப் பாலம் கிடைத்தது. நீரைக் கடந்துவந்த பிள்ளையை நம் நாக்கு மறுகரைக்கே திருப்பி அனுப்புவதா?