கொக்குவிலுக்கு எத்தனை எழுத்து?

கொக்குவில் என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள? அரிச்சுவடி படிக்கும் பிள்ளையும் விரல் மடித்து 5 என்று சொல்லும். ஆயின், அவ்வூர் வாசிகசாலை ஒன்றின் அங்கத்தவர் இடாப்பைக் கணினியில் ஏற்றிய இளைஞர் ஒருவர் நமக்குக் காட்டிய லினக்ஸ் வழங்கியோ 30 என்று சாதித்தது.

இது வேடிக்கையாகத் தோன்றலாம், விளைந்தது வேடிக்கையன்று. பெயரையும் முகவரியையும் 30 எழுத்துக்கு மேற்படாமல் வெட்டிச் சேமிக்குமாறு அவர் நிரல் எழுதியிருந்தார். கொக்குவில் கிழக்கும் கொக்குவில் மேற்கும் வெட்டுண்டு வெறும் கொக்குவில் ஆயின. 'க. பரமேஸ்வரி' போன்ற பெயர்களின் கதியோ இன்னும் மோசம். 'க. பரமேஸ்வர' என்று நின்று, ஈற்றில் கறுப்புக் கட்டத்துள் ஒரு கேள்விக்குறி! கனடாவிலிருந்து அம்மம்மாவின் பெயரைத் தேடும் பேர்த்திக்கு அது எங்ஙனம் அகப்படும்? நல்லவேளையாகக் கையெழுத்து இடாப்பு அலுமாரியில் பத்திரமாக இருந்தது.

காரணத்தை ஆராய்ந்தோம். யூ.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். ககரம், ஒகரக் குறி, ககரம், புள்ளி என்றவாறு எண்ணினால் கொக்குவிலுக்கு 10 குறிகள். ஆகவே 30 பைட்டு. 1995ஆம் ஆண்டில் ராஸ்மஸ் லெர்டோர்ப் வெளியிட்ட பீ.எச்.பி. மொழியின் சாதாரண நீள அளவை பைட்டையே எண்ணும். 'எம்.பி.ஸ்ட்ரிங்' என்னும் நீட்சியைச் சேர்த்தால் 10 என்னும். 'இன்டல்' என்னும் நீட்சியையும் சேர்த்து, அதிலுள்ள கிராபீம் அளவையைக் கேட்டால் மாத்திரமே, நம் பிள்ளை சொன்ன 5 வரும். முன்னையது யப்பானியர் தம் எழுத்துக்காகத் தொடக்கிய முயற்சி, நமக்கும் உதவுகிறது.

அவ்வழங்கியில் இவ்விரண்டும் இல்லை. டெபியன், உபுண்டு முதலியவற்றில் ஆயத்தப் பொதிகளாகவே இவை கிடைக்கும். பெரும்பாலோர்க்கு அதுவே போதும். ஆனால் இங்கோ, முன்பிருந்த ஒருவர் பீ.எச்.பி.யை மூலநிரலிலிருந்து தாமே தொகுத்து வைத்திருந்தார். கடைத்தூள் வாங்காது, மிளகாயும் மல்லியும் வறுத்து மில்லில் கொடுத்துத் திரிப்பது போன்ற வேலை இது. விரும்பியதைக் கூட்டிக் குறைக்கலாம்; மறந்தது மறந்ததுதான்.

முதலில் 'கன்பிகர்' என்னும் ஆயத்தக் கட்டளை. எந்தெந்த நீட்சி வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 7.4ஆம் பதிப்பு முதல் எம்.பி.ஸ்ட்ரிங்குக்கு ஒனிகுருமா என்ற நூலகம் வெளியிலிருந்து வேண்டும், இன்டலுக்கு ஐ.சி.யு. வேண்டும் (வைத்தியசாலை ஞாபகம் வேண்டா). அவற்றின் 'டெவ்' பொதிகளை முன்பே நிறுவாவிடில் கன்பிகர் இடையில் நின்றுவிடும். அடுத்து 'மேக்', ஊற்றிய தேநீர் ஆறும்வரை திரையில் வரிகள் ஓடும். பின்னர் 'மேக் இன்ஸ்டால்'.

இளைஞர் புதிய இரண்டையும் சேர்த்தார். பழைய தெரிவுகளுள் மைசீக்குவெல் இணைப்பை விட்டுவிட்டார். தளம் முழுவதும் வெண்திரையாயிற்று! முன்பு கொடுத்த தெரிவுகளின் வரிசையைப் பீ.எச்.பி.யின் தகவற் பக்கமே காட்டும். கட்டுவதற்கு முன்னர் அதனைப் படியெடுத்து வைப்பதே புத்தி என்பதை அன்றிரவு இருவரும் கற்றோம். தாமே தொகுத்தவர்க்கு வேறொரு கடமையும் உண்டு. பாதுகாப்புத் திருத்தம் வெளிவருந்தோறும் பொதிகளைப் போல அது தானாக வந்து சேராது. மீண்டும் கன்பிகர், மீண்டும் மேக்.

இரண்டாம் முறை கட்டியதும் ஊர்ப்பெயரைக் கேட்டோம். 5 என்றது. வெட்டும் நிரலும் திருத்தப்பட்டது. இப்போது அவர் இடாப்பை முதலிலிருந்து மறுபடி தட்டச்சிடுகிறார். நாம் இதனை எழுதும்போது தகர வரிசை முடிந்திருக்கிறது; பரமேஸ்வரிகளின் முறை இன்னும் வரவில்லை.