சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி



பேரப்பிள்ளைகளைப் பார்க்க டெக்சஸுக்கோ ஃபுளோரிடாவுக்கோ போய், அங்கே ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அங்கே நோயாளியிடம், “அமெரிக்கக் குடிமகனா, சட்டப்படி தங்கியிருப்பவரா?” என்று கேட்கிறார்கள். ஃபுளோரிடாவில் இது 2023-ல் வந்த சட்டம். டெக்சஸில் ஆளுநர் உத்தரவுப்படி 2024 நவம்பரில் தொடங்கியது. பதில் சொல்லாமல் விடலாம், சிகிச்சைக்குத் தடையில்லை, அரசுக்குப் போவது எண்ணிக்கை மட்டுமே என்கிறார்கள். விசா வைத்திருப்பவர் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

சாரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட, பேப்பர் இல்லாத கூலித் தொழிலாளி என்ன செய்வார்? காசு, குடியுரிமை எதையும் பாராமல் அவசர சிகிச்சைக்கு வருபவரைக் கவனித்தே ஆகவேண்டும் என்று 1986 முதல் அங்கே மத்திய சட்டமே இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வேலை செய்ய, அவர் முதலில் ஆஸ்பத்திரிக்கு வந்தாகவேண்டுமே! 2025-ல் மெடிகெய்ட் மருத்துவ உதவித் திட்டத்தில் இருந்தவர்களின் விவரங்கள் குடியேற்றத் துறையின் கைக்குப் போயின. பல மாநிலங்கள் வழக்குப் போட்டன. அதற்குப் பிறகு, ‘எண்ணிக்கை மட்டுமே’ என்றால் யார் நம்புவார்கள்?

அந்த ஆண்டு ஜனவரியில்தான், ஆஸ்பத்திரி, பள்ளி, வழிபாட்டுத் தலங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது நடவடிக்கையில் இறங்குவதைக் கட்டுப்படுத்திய பழைய நெறிமுறையும் கைவிடப்பட்டது. அதனால் இப்போது ஆஸ்பத்திரிக்குள் ஒரு கதவுகூட முக்கியமாகிவிட்டது. பொதுமக்கள் காத்திருக்கும் கூடத்துக்கு அதிகாரிகள் வரலாம். வார்டுக்குள் நுழைய நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும். குடியேற்றத் துறையே தன் அலுவலகத்தில் எழுதிக்கொள்ளும் வாரண்ட் அங்கே செல்லாது. இரவு ஷிஃப்டில் தனியாக நிற்கும் ஒரு நர்ஸ் இந்த வித்தியாசத்தைப் படித்துப் பார்த்துச் சொல்லவேண்டும் என்பது கொஞ்சம் அநியாயம்தான். கலிபோர்னியா 2025 செப்டம்பரில் இந்த வாரண்ட் விதியைச் சட்டமாகவே எழுதிக்கொண்டது.

நோயாளிகளின் விவரங்களைக் குடியேற்றத் துறைக்குக் கொடுக்கும் பாதையில் பிரிட்டனும் போய்ப் பார்த்தது. நோயாளிகளின் முகவரியை உள்துறைக்குக் கொடுக்க 2017-ல் ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. டாக்டர்கள் எதிர்த்தார்கள். நாடாளுமன்றச் சுகாதாரக் குழு அதை நிறுத்தச் சொன்னது. குழுவின் அன்றைய தலைவர் சாரா வொலாஸ்டனும் டாக்டராக இருந்தவர்தான். 2018 இறுதிக்குள் அரசு ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் வாசகர்களில் இந்த நாடுகளில் டாக்டராகவும் நர்ஸாகவும் இருப்பவர்கள் உண்டு. அந்தப் படிவத்தை நீட்டும்போது எதிரே இருப்பவர் என்ன கேட்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எழுதுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்