வீடு தேடி வந்த அட்டை

புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஒருவர் முன்வராவிடில், அறியாமை என்றோ அச்சம் என்றோ நாமே காரணம் கற்பித்து விடுகின்றோம். இங்கிலாந்தின் அனுபவமோ அவ்வாறு எளிதில் தீர்ப்பிட இடந்தரவில்லை.

அந்நாட்டு அரசு மருத்துவத் துறை 2006-ஆம் ஆண்டு, 60 முதல் 69 வயது வரையிலானோர்க்குப் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கிற்று. மலத்தில் கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் கலந்துள்ளதா எனக் காண்பதே அது. (பந்தியில் பேசத்தக்க பொருளன்று, வாசகர் பொறுத்தருள்க.) செலவில்லை, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுவதுமில்லை, பரிசோதனை அட்டை தபாலில் வீட்டிற்கே வரும். ஆயினும் முதல் 28 மாதங்களில் அழைப்புப் பெற்றோருள் நூற்றுக்கு 54 பேரே அதனைத் திருப்பி அனுப்பினர். செல்வம் மிகுந்த பகுதிகளில் 61 பேர். வறுமை மிகுந்த பகுதிகளில் 35 பேர். இலவசமாய்க் கொடுத்தும் இத்துணை வேறுபாடு!

இதனை ஆராய்ந்தவர்களுள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் உளவியல் பேராசிரியை ஜேன் வார்டில் குறிப்பிடத்தக்கவர். 2015-இல் மறைந்த இவரும் இவருடன் உழைத்தோரும் நான்கு வழிகளைச் சோதித்தனர்: எளிய நடையில் ஒரு துண்டுப் பிரசுரம், பரிசோதனை செய்துகொண்டோரின் அனுபவக் கதைகள், குடும்ப மருத்துவரின் ஆதரவு குறித்த அழைப்புக் கடிதம், திருத்தியமைத்த நினைவூட்டுக் கடிதம். முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. மருத்துவரின் ஆதரவு பொதுவாகச் சிறிது பயன் தந்தது. ஆனால் ஏழை, செல்வர் இடைவெளியைக் குறைத்தது நினைவூட்டுக் கடிதம் ஒன்றே. அதுவும் மிகச் சிறிதளவே.

அந்த அட்டை கேட்ட வேலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மூன்று வெவ்வேறு வேளைகளில், வேளைக்கு இரண்டாக ஆறு மாதிரிகளை எடுத்து அதில் பூச வேண்டும். மூன்றும் முடியும் வரை அதனை வீட்டில் பத்திரப்படுத்தவும் வேண்டும். பலர் நெருங்கி வாழும் சிறு வீட்டில் இஃது எளிதாமோ?

2014-இல் அட்டைக்குப் பதிலாகச் சிறு குப்பி ஒன்று சிலருக்கு அனுப்பப்பட்டது. ஒரே ஒரு மாதிரி போதும். அட்டை பெற்றோரில் நூற்றுக்கு 59 பேரும், குப்பி பெற்றோரில் 66 பேரும் அனுப்பினர். முந்தைய அழைப்புகளைப் புறக்கணித்தவர்களிடையே 12 ஆக இருந்தது ஏறத்தாழ 24 ஆயிற்று. கூடுதலாக எவரும் உபதேசம் செய்துவிடவில்லை, வேலைதான் குறைந்தது.

2019 முதல் இங்கிலாந்து முழுவதும் குப்பியே செல்கின்றது. எனினும் ஏழைப் பகுதிகள் பின்தங்கியே உள்ளன. முன்னர் அனுப்பாதவர்களுள் நால்வரில் மூவர் அச்சோதனையில் குப்பியையும் அனுப்பவில்லை என்பதை மறைத்தலாகாது. அவர்களைத் தடுப்பது யாதென்று ஆராய்வோர் இன்றும் வினவிக் கொண்டிருக்கின்றனர்.