நாயைக் கொல்வதா? நோயைக் கொல்வதா?

ஆனி, ஆடி மாதங்களில் ஐந்தருவிக்குச் செல்வோர் அங்கே மூன்று கூட்டங்களைக் காணலாம். குளிக்க வந்த மக்கள் ஒன்று. மரம் விட்டிறங்கிய குரங்குகள் மற்றொன்று. கடைகளின் பின்புறம் எச்சில் இலைக்குக் காத்திருக்கும் தெருநாய்கள் மூன்றாவது. எவரையேனும் நாய் கடித்துவிட்டால், "எல்லா நாய்களையும் அடித்துக் கொல்லுங்கள்!" என்ற குரல் எழுகிறது.

அச்சம் நியாயமானதே. ரேபீஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. மனிதருக்கு வரும் இந்நோயில் 99 விழுக்காடு நாய்களாலேயே வருகிறது. ஆனால், கொல்வதால் நோய் ஒழியுமா?

சென்னை மாநகராட்சி நூறாண்டுகளுக்கு மேலாக நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. நாயும் ஒழியவில்லை, நோயும் ஒழியவில்லை. 1996-இல் கருத்தடை, தடுப்பூசி என்ற வழிக்கு நகரம் மாறியது. பின்வந்த ஆண்டுகளில் ரேபீஸ் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. காரணம் எளிது. எச்சில் இலை உள்ள இடத்தில் ஒரு நாய் மறைந்தால் மற்றொன்று வந்து சேரும். வருவது ஊசி காணாத நாயாக இருப்பின் ஆபத்து கூடுமேயன்றிக் குறையாது.

ஓரிடத்து நாய்களில் 70 விழுக்காட்டிற்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச்சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகள் இக்கணக்கைக் குலைக்காதிருக்கவே கருத்தடை. இவ்வாறு ஊசி போட்டு வந்த கோவா, 2021-இல் ரேபீஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. கோவாவால் முடிந்தது குற்றாலத்தால் முடியாதா?

சாரல் தொடங்குமுன், சித்திரை வைகாசியிலேயே கால்நடை பராமரிப்புத் துறையினர் ஐந்தருவி முதல் தென்காசி வரை ஊசி போட்டு முடிக்க வேண்டும். சீசனில் வாகனக் கட்டணம் வசூலிக்கும் உள்ளாட்சிகள் அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கட்டும். எச்சில் இலைகளை அன்றன்றே அகற்றட்டும். நாய்களைக் கணக்கெடுப்பதும், ஊசி போட்டவற்றுக்கு வண்ண அடையாளம் இடுவதும் நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களால் இயலாத செயல்களா?

கடிபட்டவர் செய்ய வேண்டுவதையும் ஊருக்குச் சொல்வோம். மஞ்சளும் சுண்ணாம்பும் மருந்தல்ல. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெளியூர்ப் பயணிகள் எஞ்சிய ஊசிகளைத் தம் ஊரிலேயே தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

நண்பர்களே! கல்லெடுக்கும் கைகள் இனிக் கணக்கெடுக்கட்டும்!